பூட்டுமுன் கேட்கவேண்டிய கணக்கு

 

“பிள்ளைகள் மூவர், ஆசிரியர் இருவர், இப்படியும் ஒரு பள்ளியை நடத்தத்தான் வேண்டுமா?” இவ்வினாவை இக்கால் கல்வித்துறை அலுவலர் மட்டும் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் நாளிதழ் புரட்டுவோரும் கேட்கின்றனர். தமிழ்வழிக் கல்விக்காக மேடையேறுவோரிலும் சிலர், வெளியில் சொல்லாமல், உள்ளுக்குள் கேட்டுக்கொள்கின்றனர். கேட்பவரையெல்லாம் தமிழ்ப்பகைவர் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் வினா தள்ளிவிடத் தக்கதன்று. நேர்மையான விடையை வேண்டி நிற்பது.

முதற்கண் நிலைமையைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டில், ஒரு மாணவரும் சேராத 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தமிழ்நாட்டரசு நூலகங்களாக மாற்ற முற்பட்டது. “மூடவில்லை; பிள்ளைகள் வந்தால் மீண்டும் பள்ளியாகும்” என்பதே அன்று தரப்பட்ட விளக்கம். ஆறாண்டு கழிந்தது. 2025-இல், மாணவரே இல்லாத அரசுப் பள்ளிகள் 200-க்கும் மேற்பட்டன என்னும் கணக்கு வெளிவந்தது. நீலமலை மாவட்டமும் சிவகங்கை மாவட்டமும் அக்கணக்கில் முன்னின்றன. இந்நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 28 விழுக்காடு முப்பதுக்கும் குறைந்த மாணவரை உடையவை. ஓராசிரியர் பள்ளிகள் 1,08,017. நடுவணரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையே இதனைக் கூறி, மருந்தாகப் ‘பள்ளி வளாகம்’ என்னும் தொகுப்பு முறையை முன்வைக்கிறது. இராசத்தானம் 2014-இலேயே பல்லாயிரம் பள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டது. அவ்வழியில் மத்தியப் பிரதேசமும் ஒடிசாவும் சார்க்கண்டும் சென்றன. 2025-இல் உத்தரப் பிரதேசமும் சென்றது.

இணைக்கச் சொல்வோர் கூறும் கரணியங்களில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒற்றைப் பிள்ளையாக அமர்ந்திருக்கும் சிறுமிக்குப் போட்டியிட்டுப் படிக்கவும் ஆளில்லை; பாண்டியாடவும் ஆளில்லை. இரண்டு ஆசிரியருள் ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவரே தலைமையாசிரியர், எழுத்தர், ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர் எல்லாம். அப்பள்ளிக்கு ஆகும் செலவில் அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நல்ல நூலகமும் கழிப்பிடமும் அமைக்கலாம் என்பதும் பொய்யன்று. இவற்றை மறுத்துப் பேசுவோர் சிறுபள்ளிக்குள் ஒரு நாளும் நுழைந்து பார்த்தவராகார்.

ஆனால், பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் கற்பதே குறை என்பது மட்டும் பிழையான எண்ணம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலமெங்கும் பரப்பப்பட்ட செயல்வழிக் கற்றல் முறை எங்கிருந்து வந்தது? ஆந்திரத்து மதனப்பள்ளியை அடுத்த ரிசிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகளை ஓராசிரியரே ஒருங்கே கற்பிப்பதற்காக உருவான முறையிலிருந்து வந்தது. அட்டையும் ஏணிப்படியும் வைத்து ஒவ்வொரு பிள்ளையும் தன் விரைவில் ஏறும் முறை அது. பெரிய பள்ளிகள்கூடச் சிறு பள்ளியிடம் பாடங்கேட்ட வரலாறு இது. சிறுமை வேறு, வெறுமை வேறு. பதினைந்து பிள்ளைகள் உள்ள பள்ளி சிறியது. பிள்ளையே இல்லாத பள்ளி வெறியது. முன்னது எவ்வாறு பின்னதாகிறது என்பதை ஆராய்வார்தாம் மிகச் சிலர்.

ஒரு சிற்றூரை எண்ணிப் பார்ப்போம். நூற்றிருபது வீடுகள், ஒரு தொடக்கப்பள்ளி, அறுபத்தைந்து பிள்ளைகள், மூன்று ஆசிரியர். பிறப்பு குறைகிறது. இதை மறைக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்னும் ஈடுகட்டு நிலைக்கும் கீழே பிறப்பு இறங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகிறது. அறுபத்தைந்து ஐம்பத்தெட்டாகிறது. ஆகத்து முதல் நாள் எண்ணிக்கையைக் கொண்டு பணியிடத்தை வரையறுக்கிறார்கள். அறுபது வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் அட்டவணை. எனவே மூன்றாம் ஆசிரியர் ‘கூடுதல்’ ஆகிறார். பணிநிரவலில் வேறூர் செல்கிறார். எஞ்சிய இருவரில் ஒருவர் மாற்றுப்பணி என்ற பெயரில் ஆசிரியரில்லாத இன்னொரு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். இருப்பவரோ வாக்காளர் பட்டியலுக்கும், கணக்கெடுப்புக்கும், நாள்தோறும் கணினியில் ஏற்றவேண்டிய விளத்தங்களுக்கும் பாதிப் பொழுதைக் கொடுக்கிறார். பெற்றோர் குருடரல்லர். “ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார்” என்கின்றனர். பத்துப் பிள்ளைகள் விலகுகின்றனர். அடுத்த ஆகத்தில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. குறைந்த எண்ணிக்கையைக் காட்டி மேலும் குறைக்கிறார்கள். சில ஆண்டுகளில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும் இல்லை. அப்போது ஓர் அலுவலர் வந்து, “மக்களுக்கே இப்பள்ளி வேண்டாவாம்” என்று எழுதிச் செல்கிறார்.

விலகிய பிள்ளைகள் எங்குச் சென்றனர்? வேன் என்று மக்கள் வழங்கும் மஞ்சள் மூடுந்து காலை ஏழரை மணிக்கே ஊர்முனைக்கு வந்துவிடுகிறது. அதில் ஏறுவோர் ஐந்து அகவையினர் மட்டுமல்லர்; மூன்று அகவையினரும் ஏறுகின்றனர். அரசுத் தொடக்கப்பள்ளியோ ஐந்து அகவையில்தான் கதவைத் திறக்கிறது. ஈராண்டு ஆங்கில மழலை வகுப்பில் இருந்துவிட்ட பிள்ளை ஐந்தாம் அகவையில் திரும்பி வருவதில்லை. இந்த ஓட்டையை அரசு அறியாமலில்லை. 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளிகளோடு ஒட்டிய 2,381 குழந்தைகள் நடுவங்களில் மழலை வகுப்புகளைத் தொடங்கியது அதனால்தான். ஆயினும் பல்லாயிரம் தொடக்கப்பள்ளிகள் உள்ள நாட்டில் அவ்வெண் எம்மட்டு?

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. கல்வியுரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, உதவிபெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கச் சொல்கிறது. அப்பிள்ளைகளின் கட்டணத்தை அரசே பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் 2013-14 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல கல்வி என்னும் நோக்கத்தைக் குறைசொல்வாரில்லை. ஆனால் விளைவு என்ன? சிற்றூர் அரசுப் பள்ளிக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளையை, மக்கள் வரிப்பணத்தைக் கொண்டே ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பின்பு அரசுப் பள்ளியில் ஆளில்லை என்று அதே அரசு கைவிரிக்கிறது! கருநாடகம் இதனை உணர்ந்து, அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருக்கும் இடத்தில் தனியார் பள்ளிக்கு இவ்வாறு பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று 2019-இல் விதியைத் திருத்திக்கொண்டது. உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. மராட்டியம் 2024-இல் அவ்வாறே செய்ய முயன்றபோது மும்பை உயர்நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. ஆகவே வழி எளிதன்று. ஆனால் தமிழ்நாட்டில் அவ்வழியைப் பற்றிய பேச்சே பெரிதாக எழவில்லை என்பதுதான் வருந்தத் தக்கது.

ஆங்கில மயக்கத்துக்கு ஆங்கிலத்தையே மருந்தாக்கலாம் என்று 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தனர். முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் பதினைவர் தமிழ்வழி, பதினைவர் ஆங்கிலவழி. கற்பிப்பவர் அதே இருவர். ஒரு வகுப்பில் கணக்கைத் தமிழில் சொல்லி, உடனே ஆங்கிலத்தில் சொல்லி, இரண்டும் அரைகுறையாக முடிந்த கதை ஊர்தோறும் உண்டு. ஆங்கிலத்துக்காகப் போகிறவன் முழு ஆங்கிலப் பள்ளிக்கே போகிறான். அரைக்கடையில் ஏன் வாங்குகிறான்? தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே பயிற்றுமொழி என்று 1999-இல் பிறந்த ஆணை 2000-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்ததையும், 2014-இல் கருநாடக வழக்கில் உச்சநீதிமன்றமும் அவ்வாறே கூறியதையும் இங்கு நினைவூட்டினால் போதும்.

இனி, இணைப்பு என்னும் சொல்லின் பொருளைக் குழந்தையின் காலால் அளந்து பார்க்கவேண்டும். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைத்தொலைவிலும், நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கவேண்டும் என்பது விதி. நிலப்படத்தில் இழுத்த கோடு நடைத்தொலைவாகிவிடாது. நடுவே ஓடையிருக்கும். நான்குவழி நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்திருக்கும். கடக்க ஒரு சுரங்கவழியும் இராது. கூடலூர்ப் பக்கத்திலும் சத்தியமங்கலம் மலைப் பகுதியிலும் பள்ளிக்குப் போகும் தடத்தில் யானை நிற்கும். அங்கெல்லாம் ஆறு அகவைப் பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பு என்பது, அனுப்பாதே என்பதற்கு இன்னொரு பெயர். உத்தரப் பிரதேசத்தில் 2025 சூன் 16-ஆம் நாள் ஆணையால், ஐம்பதுக்குக் குறைந்த மாணவருள்ள பள்ளிகளை இணைக்கத் தொடங்கினர். சீதாப்பூர் மாவட்டத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் வழக்காடினர். சூலை 7-ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் ஒற்றை நடுவர் வழக்கைத் தள்ளிவிட்டார். எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. அம்மாத இறுதியிலேயே, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாற்பட்ட பள்ளிகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உடைய பள்ளிகளும் இணைக்கப்படா என்று அரசே இறங்கிவந்தது. அந்த ஒரு கிலோமீட்டர் முதலிலேயே சட்டத்தில் இருந்ததுதான். அதைப் படிக்க அவ்வரசுக்கு ஒன்றரைத் திங்கள் ஆயிற்று.

தொலைவை அளக்கலாம், சாதியை எந்த நாடாவால் அளப்பது? ஊர்ப் பள்ளி ஒன்று, ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புப் பள்ளி ஒன்று என இரண்டு இருக்கும். இடைத்தொலைவு அரை கிலோமீட்டர். எண்ணிக்கைக் கணக்குப்படி இணைக்கத் தக்கவைதாம். ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அமர்ந்து கற்பதைவிடப் பெரிய சாதியொழிப்பு உண்டா என்றும் கேட்கலாம். உண்மை. ஆனால் எதை எதனோடு இணைக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். குடியிருப்புப் பிள்ளைகள் ஊருக்குள் வரவேண்டும் என்றுதான் பெரும்பாலும் எழுதுகின்றனர். ஊர்ப் பிள்ளைகள் குடியிருப்புப் பள்ளிக்குச் செல்லட்டும் என்று எழுதினால் அன்றே மூடுந்துகள் நிறைந்துவிடும். 2023-24-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பிறவற்றையும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ்க் கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது இதனால்தான். குற்றப்பரம்பரைச் சட்டத்தால் நசுக்குண்ட மக்களுக்கென ஏற்பட்ட பள்ளிகள், தங்கள் கையைவிட்டுப் போகின்றன என்று அம்மக்கள் அஞ்சினர். அச்சம் முழுதும் சரியா என்பது வேறு; கேளாமல் முடிவெடுத்தால் அச்சமே மிஞ்சும்.

கேளாமல் முடிவெடுக்க அரசுக்கு அறவுரிமை உண்டா? தமிழ்நாட்டுப் பள்ளிகள் எழுந்த வரலாறு தெரிந்தவர் ‘இல்லை’ என்பர். 1953-இல் ஆச்சாரியார் அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுத் தமிழகம் அதனை எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அதன்பின் சிற்றூர்தோறும் நடக்கும் தொலைவில் பள்ளி என்னும் நிலை வளர்ந்தது. 1956-இல் நண்பகலுணவு வந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் காலத்தில், 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் அள்ளித் தந்தனர். நிலம் தந்தார் ஒருவர். கூரை வேய்ந்தார் ஒருவர். அமர்பலகையும் கரும்பலகையும் கடிகாரமும் குடிநீர்ப் பானையும் தந்தார் பலர். அரசு ஆசிரியரைத் தந்தது; ஊர் பள்ளியைத் தந்தது. ஊரார் தந்த கட்டடத்தை ஊராரைக் கேளாமல் பூட்டிச் சாவியை ஒன்றியத் தலைநகருக்குக் கொண்டுபோவது எவ்வகை ஆட்சிமுறை?

கடல்கடந்த தமிழர் இச்சிக்கலை நமக்கு முன்பே கண்டவர்கள். சிங்கப்பூரில் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அந்நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர், எண்ணிக்கை குறைந்தது, கதவு சாத்தப்பட்டது. மலேசியாவிலோ கதை வேறாயிற்று. 1957-இல் அங்கு 888 தமிழ்ப்பள்ளிகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரம் நோக்கிப் பெயர்ந்தனர், இன்று 530-ஐ ஒட்டிய எண்ணிக்கையே எஞ்சியுள்ளது. இழப்பு பெரிதுதான். ஆனால் அங்குள்ள தமிழர் ஒன்றை உணர்ந்துகொண்டனர்: ஒரு தமிழ்ப்பள்ளியின் உரிமம் போனால் மற்றொன்று எளிதில் கிடைக்காது. எனவே ஆளொழிந்த தோட்டத்துப் பள்ளியை மூடவிடாமல், அதன் உரிமத்தைத் தமிழர் குடியேறிய நகர்ப்புறத்துக்குப் பெயர்த்துக்கொண்டு சென்று, அங்குப் புதுக் கட்டடத்தில் நடத்துகின்றனர். பள்ளி பிள்ளைகளைத் தேடிச் செல்கிறது. தமிழ்நாட்டிலும் சென்னை, கோவை, திருப்பூர் புறநகர்களில் புதுக்குடியிருப்புகள் ஆயிரமாயிரமாக எழுகின்றன. ஒரு சிற்றூரில் பள்ளி மறைந்தால், அதற்கீடாக அங்கெல்லாம் ஒரு தமிழ்வழி அரசுப் பள்ளி பிறந்ததா என்று கேட்டவர் உண்டா?

அங்ஙனமாயின் எப்பள்ளியையும் எக்காலத்தும் இணைக்கலாகாதா? இணைக்கலாம். ஊரே பெயர்ந்துபோய், சேரத்தக்க அகவையில் ஒரு பிள்ளையும் இல்லாத இடத்தில் வெறுங் கட்டடத்தைக் காப்பதால் தமிழுக்கு ஆக்கம் இல்லை. நல்ல சாலையும், அரசே செலவேற்று நாள்தவறாமல் ஓட்டும் ஊர்தியும், சென்று சேரும் பள்ளியில் வகுப்புக்கு ஓராசிரியரும் இருந்து, பெற்றோரும் ஒப்பினால், ஏழு பிள்ளைகள் எழுபது பிள்ளைகளோடு சேர்வது அவர்களுக்கு நன்மையே. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை போய்ச் சேருமிடம் அரசுப் பள்ளியாகாது. தனியார் மூடுந்தாகும், அல்லது ஆட்டுப்பட்டியாகும்.

யார் முடிவெடுப்பது என்பதில்தான் பெரும்பிழை நிகழ்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோராக இருக்கவேண்டும். பாதிப்பேர் பெண்டிராக இருக்கவேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் பிள்ளையே இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் ஏது? பெற்றோர் இல்லாத இடத்தில் குழு ஏது? பள்ளி வெறுமையானதும் அதற்காகப் பேசவேண்டிய வாயும் அடைபட்டுவிடுகிறது. ஆகையால் முடிவைப் பிள்ளைகள் ஒழிந்தபின் எடுப்பது முடிவாகாது, ஈமக்கடன் ஆகும். பள்ளியில் இருபது பிள்ளைகள் இருக்கும்போதே, வீடுதோறும் கணக்கெடுத்து, விலகியோர் ஏன் விலகினர் என்று எழுதி, ஊரவையில் வைத்துப் பேசவேண்டும். அதுவரை அப்பள்ளியிலிருந்து ஓராசிரியரையும் பெயர்க்கக்கூடாது. குழந்தைகள் நடுவத்தில் மூன்று அகவையிலேயே பிள்ளைகளைச் சேர்க்க அப்பள்ளிக்கு ஈராண்டாவது தவணை தரவேண்டும். 2022-இல் தொடங்கிக் காலையுணவு தரும் அரசு, அந்த உணவை உண்ண வரவேண்டிய பிள்ளைகளை வழியிலேயே இழக்கலாமா?

இங்குக் கூடியிருப்போர்க்கும் கூறவேண்டியது உண்டு. தமிழ்வழிக் கல்வி மாநாட்டுக்கு நன்கொடை தருவோரின் பேரப்பிள்ளைகள் எங்குப் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்தால், மேடையில் பாதி நாற்காலி வெறுமையாகும். அரசுப் பள்ளி ஆசிரியர்களே தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்து ஊராரைத் தமிழ்வழிக்கு அழைக்கின்றனர். ஊரார் வாயால் சிரிப்பதில்லை, அவ்வளவே. தமிழ்வழியிற் படித்தார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியிற் படித்திருக்கவேண்டும் என்று அது 2020-இல் இறுக்கப்பட்டது. இச்செய்தியைச் சொல்லி ஒரு தாயை அரசுப் பள்ளி வாயிலுக்கு அழைத்துவந்த தமிழன்பர் எத்தனை பேர்? அருகிலுள்ள தமிழ்வழிப் பள்ளி பூட்டப்பட்டு, பிள்ளை ஆங்கிலவழிக்குச் சென்றுவிட்டால், அந்த முன்னுரிமை அப்பிள்ளைக்கு வாய்க்காமலே போகிறது. இதனை மூடல் ஆணையில் எவரும் எழுதுவதில்லை.

அரசுப் பள்ளிச் சேர்க்கை இப்போது மார்ச்சு முதல் நாளே தொடங்கிவிடுகிறது. அதற்குமுன் சனவரி 26-ஆம் நாள் ஊரவை கூடுகிறது. அன்று ஊரவையில் வைக்கவேண்டியது ஒரே ஒரு தாள்: இவ்வூரில் மூன்று முதல் பத்து அகவை வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எங்கெங்குப் படிக்கின்றனர், ஊர்ப் பள்ளியை விட்டு எந்த ஆண்டில் எக்கரணியத்தால் விலகினர், அவ்வாண்டில் அப்பள்ளியில் ஆசிரியர் எத்தனை பேர் இருந்தனர் என்பது. அலுவலரிடம் அத்தாள் இராது. நூற்றிருபது வீட்டுச் சிற்றூரில் தமிழன்பர் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடுவீடாக நடந்தால் பொழுது சாயுமுன் எழுதி முடித்துவிடலாம்.